அலை மாறலாம், உரிமை மாறலாகாது!

ஊருக்குப் பொதுவாக ஏரி உண்டு, மேய்ச்சல் நிலம் உண்டு, களத்துமேடு உண்டு. அவை எவர் ஒருவருடைய உடைமையும் அல்ல. எனவே எல்லாருடைய உடைமையும் ஆகும். அவற்றைப் போலவே, கண்ணுக்குப் புலப்படாத பொதுநிலம் ஒன்று நம் தலைக்கு மேலே விரிந்து கிடக்கின்றது. அதுதான் அலைவெளி. வானொலியும் தொலைக்காட்சியும் கைப்பேசியும் அந்த வெளியில்தான் தத்தமக்கென்று பாத்தி கட்டிப் பயிர்செய்கின்றன. அவ்வெளி மக்களின் பொதுச்சொத்து என்று இந்திய உச்ச நயன்மன்றமே 1995 பிப்பிரவரி 9ஆம் நாள் தீர்ப்புரைத்தது.

பொதுநிலத்தில் பாத்தி மாற்றுவது குற்றமன்று. காலம் மாறும்போது, கருவி மாறும்போது, பாத்தியும் மாறத்தான் வேண்டும். ஆனால் அம் மாற்றத்தை யார் முடிவு செய்கின்றார், யாருக்காகச் செய்கின்றார், செலவை யார் தாங்குகின்றார், மாறப்போகும் செய்தி அந்நிலத்தின் உரிமையாளராகிய மக்களுக்கு அவர்களின் தாய்மொழியில் முன்கூட்டியே அறிவிக்கப்படுகின்றதா என்னும் இந்நான்கு வினாக்களுக்கும் விடை கிடைத்தாக வேண்டும். விடை கிடைக்காத இடத்தில் நடப்பது மாற்றம் அன்று, பறிப்பு.

இதனை விளங்கிக்கொள்ள, அண்மையில் அமெரிக்க நாட்டில் நடந்து முடிந்த ஒரு பெருமாற்றத்தை எடுத்து ஆராய்வோம். அமெரிக்க முதலாளியத்தின் மேல் நமக்குக் காதல் இல்லை என்பதைத் தென்மொழி அன்பர்க்குச் சொல்ல வேண்டுவதில்லை. ஆயினும் பகைவன் வீட்டில் நல்லதொரு பழக்கம் இருப்பின் அதைப் பார்த்துக் கற்பதில் இழிவில்லை. தீயதொரு பழக்கம் இருப்பின் அதைப் பார்த்துத் தற்காத்துக் கொள்வதிலும் தவறில்லை. அங்கே இரண்டும் இருந்தன.

கைப்பேசி வணிகர்களுக்கு மேலும் அலைவெளி வேண்டியிருந்தது. அதற்காகத் தொலைக்காட்சி நிலையங்களின் அலைவெளியைச் சுருக்குவதற்கு அந்நாட்டுப் பேராயம் 2012 பிப்பிரவரியில் சட்டம் இயற்றியது. 2016 மார்ச்சில் தொடங்கிய ஏலம் 2017 மார்ச்சில் முடிந்தது. கைப்பேசி நிறுவனங்கள் கொட்டிய தொகை ஏறத்தாழ 1,980 கோடித் தாலர். உரிமத்தை விட்டுக் கொடுத்தும் தாழ்ந்த வரிசைக்கு இறங்கியும் பணம் பெற்ற 175 நிலையங்களுக்குச் சென்றது ஏறத்தாழ 1,005 கோடித் தாலர். 38 முதல் 51 வரையிலான பதினான்கு அலைத்தடங்களும் தொலைக்காட்சியின் கையை விட்டுப் போயின. எஞ்சிய குறுகிய வெளிக்குள் எல்லா நிலையங்களையும் நெருக்கி அடுக்க வேண்டியதாயிற்று. அதனால் 987 நிலையங்கள் தாம் நின்ற தடத்தை விட்டு வேறு தடத்துக்குக் கட்டாயமாக மாறவேண்டும் என்று 2017 ஏப்பிரலில் ஆணை பிறந்தது. ஏலத்தில் கலந்துகொள்ளாத, ஒரு காசும் பெறாத நிலையங்களே அவற்றுள் மிகப்பல. அவற்றுள் பொதுத் தொலைக்காட்சி நிலையங்களும் இருந்தன.

பொதுத் தொலைக்காட்சி என்பது அங்கே வணிக நிறுவனம் அன்று. பல்கலைக்கழகமோ, மாநில அரசின் அமைப்போ, ஊர்மக்கள் கூடிய பொதுக்கழகமோ அதனை நடத்தும். குழந்தைக் கல்வி, அறிவியல், வரலாறு, உள்ளூர்ச் செய்தி ஆகியனவே அதன் சரக்கு. மக்கள் தரும் நன்கொடையும் அரசு ஒதுக்கிய தொகையுமே அதன் வருவாயாக இருந்தன. அத்தகைய நிலையத்துக்குத் 'தடம் மாறு' என்னும் இரு சொற்கள் எத்துணைப் பெரும் பணியைச் சுமத்தின என்பதைப் பாருங்கள்.

தொலைக்காட்சியின் அலைத்தடம் மாறுவது வீட்டுக் கதவெண் மாறுவதைப் போன்றதன்று. வீட்டையே பெயர்த்துக் கட்டுவதைப் போன்றது. ஒவ்வொரு தடத்துக்கும் ஓர் அலையெண் உண்டு. அலையெண்ணுக்கு ஏற்ப அலையின் நீளம் அமையும். அலையின் நீளத்துக்கு ஏற்பவே கோபுரத்தின் உச்சியிலுள்ள அலைவீசியின் உறுப்புகள் அளந்து செய்யப்பட்டிருக்கும். எனவே பழைய அலைவீசி புதிய தடத்துக்குப் பெரும்பாலும் பொருந்தாது. புதியது செய்தாக வேண்டும். ஒளிபரப்பியை மறுசீர் செய்ய வேண்டும். அது முதுமை எய்தியதாயின் வேறொன்று வாங்கவேண்டும். பக்கத்துத் தடத்தில் அலை கசியாமல் காக்கும் வடிப்பியை மாற்றவேண்டும். ஒளிபரப்பியிலிருந்து கோபுர உச்சிக்கு ஆற்றலை ஏற்றிச் செல்லும் கடத்துகுழாய் துண்டு துண்டாய் இணைக்கப்பட்டது. அத்துண்டின் நீளங்கூடத் தடத்தைப் பொறுத்ததே. நீளம் பொருந்தாவிடின் இணைப்புதோறும் அலை எதிர்த்துத் திரும்பும். ஆகவே ஆயிரம் அடிக் குழாயையும் கழற்றி வேறு குழாய் பூட்ட நேரும்.

இவ்வளவும் நடக்கும்போது ஒளிபரப்பு நின்றுவிடக் கூடாது. அதற்காகக் கோபுரத்தின் இடையில் துணை அலைவீசி ஒன்றைக் கட்டி, குறைந்த ஆற்றலில் நிகழ்ச்சியை ஓட்டவேண்டும். புதிய அலைவீசியின் எடையையும் காற்றின் தாக்கையும் பழைய கோபுரம் தாங்குமா என்று கணக்கிடவேண்டும். தாங்காதெனின் கோபுரத்தையே வலுப்படுத்த வேண்டும். ஆயிரம், ஈராயிரம் அடி உயரத்தில் ஏறிப் பணிசெய்யும் தேர்ச்சி பெற்ற குழுக்களோ அந்நாடு முழுமைக்கும் மிகச் சிலவே. அண்டையிலுள்ள நிலையம் தான் நிற்கும் தடத்தை விட்டு நகர்ந்தாலன்றி இந்நிலையம் அங்கே நுழைய முடியாது. ஒன்றன் காலடியில் மற்றொன்று சங்கிலியாய்ப் பிணைந்து நின்றமையால், நாடு முழுவதையும் பத்துக் கட்டங்களாகப் பிரித்தனர். முதற்கட்டம் 2018 நவம்பர் 30இல் முடிந்தது; முழுப்பணிக்கும் விதித்த 39 திங்கள் எல்லை 2020 சூலையில் நிறைவுற்றது.

இங்கே படிப்போர் சற்று நிற்க. மேலே யாம் விளக்கிய பணி முழுதும் தொழில்நுட்பப் பணி. அலைத்தடம், அலையெண், அலைவீசி, ஒளிபரப்பி, வடிப்பி, கடத்துகுழாய் என்னும் சொற்களே அதனை விளக்கப் போதுமாயின. எவ்விடத்திலும் தமிழ் கால் தடுக்கி வீழவில்லை. ஆங்கிலத்தின் தோளில் கைபோடவும் இல்லை. 'அறிவியலுக்குத் தமிழ் ஆகாது' என்று ஓதிவரும் அரைவேக்காட்டுப் படிப்பாளிகள் இதனைக் கண்திறந்து பார்ப்பார்களாக. ஆகாதது தமிழ் அன்று, அவர்தம் நெஞ்சு!

இனி, அம் மாற்றத்துக்கு அங்கே கொடுத்த விலையைக் காண்போம். 2018 ஏப்பிரல் 19ஆம் நாள் காலை, மிசூரி மாநிலப் பல்கலைக்கழகம் நடத்தும் பொதுத் தொலைக்காட்சி நிலையத்தின் 1,900 அடிக்கு மேற்பட்ட கோபுரம் வேரற்ற மரம்போல் சாய்ந்து மண்ணில் வீழ்ந்தது. தடமாற்றத்துக்காக அக்கோபுரத்தை வலுப்படுத்தும் பணியில் அறுவர் ஈடுபட்டிருந்தனர். அவருள் ஒருவர் உயிரிழந்தார். ஏனையோருள் காயமுற்றோரும் உளர். குறுக்குச் சட்டங்களைக் கழற்றுமுன் இடைக்காலத் தாங்குசட்டம் பொருத்தப்படவில்லை என்று அந்நாட்டுத் தொழிற்காப்புத் துறை பின்னர்க் குற்றஞ்சாட்டியது. யாரோ ஒரு வணிகனின் கைப்பேசி விரைந்து ஓடுவதற்காக ஒதுக்கப்பட்ட அலைவெளி அது. அதற்காக மாண்டவனோ கோபுரம் ஏறி வயிறு வளர்த்த ஓர் உழைப்பாளி. உலகில் எங்கே எந்தப் பெருமாற்றம் நடந்தாலும் அதன் அடிக்கல்லின் கீழ் ஓர் உழைப்பாளியின் உடல் கிடப்பதைக் காணலாம்.

கடைக்கோடி மக்கள் பட்ட பாடும் அத்தகையதே. மலைகளுக்கு அப்பாலுள்ள சிற்றூர்களுக்கு நிலையத்தின் அலை நேரே சென்று சேராது. இடையிலுள்ள குன்றுகளின் மேல் சிற்றாற்றல் மறுஒளிபரப்பிகளை நட்டு அதனைக் கொண்டு சேர்ப்பர். இந்தச் சிற்றாற்றல் கருவிகளுக்கு 2012ஆம் ஆண்டுச் சட்டம் காப்பும் தரவில்லை, இழப்பீடும் தரவில்லை. பெரிய நிலையம் வந்தால் சிறியது ஒதுங்க வேண்டும். ஒதுங்க இடமில்லையேல் அணைந்து போகவேண்டும். பொதுத் தொலைக்காட்சியின் மறுஒளிபரப்பிகளை இடம்பெயர்க்கும் செலவைத் தானே ஏற்பதாக, ஏலத்தில் மிகுதியாக அலைவெளி எடுத்த கைப்பேசி நிறுவனமே 2017இல் முன்வர நேர்ந்தது. பேராயம் விழித்துக்கொண்டு அவற்றுக்கும் தொகை ஒதுக்கியது 2018இல்தான். பறித்தவன் தரும் கொடையை எதிர்பார்த்துப் பறிகொடுத்தவன் நிற்கும் நிலை எந்நாட்டிலும் இழிநிலையே.

நியூ செர்சி மாநிலத்தின் கதை வேறொரு வகை. அம்மாநிலம் தன் பொதுத் தொலைக்காட்சி உரிமங்களுள் இரண்டை ஏலத்தில் விட்டு ஏறத்தாழ 33 கோடித் தாலர் பெற்றது. மக்களின் செய்திக்காக இருந்த அலைவெளியை விற்ற பணத்தில், மக்களின் செய்திக்கென்று புதிய அமைப்பொன்றுக்கு 2018இல் இசைந்த தொகை 50 இலக்கம் தாலர். ஏரியை விற்றவன் ஊருக்கு ஒரு குடம் தண்ணீர் வாங்கித் தந்த கதைதான்!

இவை அங்கே நடந்த தீமைகள். ஆயினும், நடுநிலை பிறழாமல் நன்மையையும் கூறவேண்டும். முதலாவது, காலம் தந்தனர். ஆணை பிறந்த நாளுக்கும் இறுதி எல்லைக்கும் இடையே மூன்றாண்டுக்கு மேல் இருந்தது. இரண்டாவது, பணம் தந்தனர். தடம் மாறும் நிலையங்களின் செலவை ஈடுசெய்யச் சட்டமே 175 கோடித் தாலரை ஒதுக்கிற்று. அது போதாதென்று 2018இல் மேலும் 100 கோடித் தாலர் சேர்த்தனர். மூன்றாவது, மக்கள் கண்ணில் நிலையத்தின் அடையாளத்தைக் காத்தனர். உள்ளே அலைத்தடம் மாறினும், திரையில் தோன்றும் நிலையத்தின் எண் மாறாது; தலைமுறையாய் மக்கள் அறிந்த அதே எண்ணில் அதே நிலையம் நிற்கும். பார்ப்போர் செய்ய வேண்டுவது ஒன்றே: மாற்ற நாளன்று தொலைக்காட்சிப் பெட்டியை ஒருமுறை மறுதேடல் செய்யவைப்பது.

நான்காவதே நமக்குத் தலையாயது. மாறும் நாளுக்குக் குறைந்தது 30 நாள் முன்னதாகவே நிலையம் தன் திரையில் மக்களுக்கு அறிவிப்புச் செய்யவேண்டும் என்று அந்நாட்டு ஒழுங்குவிதி கூறிற்று. அதனோடு நிற்கவில்லை. அந்த ஓடெழுத்து அறிவிப்பு, அந்நிலையத்தின் நிகழ்ச்சிகளுட் பெரும்பான்மை எம்மொழியில் உள்ளனவோ அம்மொழியிலேயே இருக்கவேண்டும் என்றும் விதித்தது. ஆங்கிலம் கோலோச்சும் நாடு அது. ஆயினும், இசுப்பானிய மொழியில் ஒளிபரப்பும் நிலையம் தன் மாற்றத்தை இசுப்பானிய மொழியில்தான் அறிவிக்க வேண்டும். 'எல்லாருக்கும் ஆங்கிலம் தெரியும்' என்று கூறித் தப்பிக்க வழியில்லை. எந்த மொழியில் மக்கள் கேட்கின்றனரோ அந்த மொழியில் அரசு பேசவேண்டும் என்னும் எளிய அறத்தை முதலாளிய நாடொன்று தன் ஒழுங்குவிதிக்குள் எழுதி வைத்தது.

இப்பொழுது நம் மண்ணுக்கு வருவோம். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகத்து 15ஆம் நாள் தொடங்கப்பெற்றது. வீட்டுக் கூரைமேல் அலைவாங்கியை நட்டு, கட்டணம் ஏதுமின்றித் தமிழ்மக்கள் பார்த்த தொலைக்காட்சி அது. தென்பாண்டி நாட்டுக்கு அதனைக் கொண்டு சேர்க்கக் கொடைக்கானல் மலைமேல் கோபுரம் எழுந்தது. அந்தப் பழைய ஒப்புமுறை ஒளிபரப்பிகளைப் பிரசார் பாரதி படிப்படியாக மூடியது. நாடு முழுவதிலும் ஏறத்தாழ ஐம்பது இடங்களைத் தவிர எஞ்சியவற்றை 2022 மார்ச்சுக்குள் மூடிவிடுவதென 2021இல் அறிவித்தது. பழையது மறைவதைக் குறித்து நாம் ஒப்பாரி வைக்கவில்லை. பழையது போன இடத்தில், ஊர்தோறும் அலைவாங்கியில் வந்து விழும் எண்மமுறைத் தமிழ் ஒளிபரப்பு வந்ததா என்பதே வினா. வரவில்லை. 'செயற்கைக்கோள் வழியாகப் பார்த்துக்கொள்' என்பதே விடையாயிற்று.

அந்தச் செயற்கைக்கோள் வழியில் என்ன கிடைக்கின்றது? நடுவணரசின் கட்டணமில்லா வட்டிலில் இடம்பிடித்துள்ள தனியார் அலைவரிசைகளுள் பெரும்பாலானவை இந்தி அலைவரிசைகள். தமிழ் கேட்டுக் கிண்ணத்தை நீட்டியவனுக்கு ஒரு கரண்டித் தமிழும் ஒரு பானை இந்தியும்! தமிழன் தன் கூரைமேல் வட்டில் வைப்பது தமிழைப் பெறுவதற்கா, இந்தியைத் தாங்குவதற்கா?

மேலும் ஒன்றைக் கருதுக. அமெரிக்காவில் அலை மாறியது. மக்கள் அறிந்த அடையாளம் மாறவில்லை. இங்கேயோ அலையும் போயிற்று, பெயரும் போயிற்று. பொதிகை என்னும் தமிழ்மலையின் பெயரைத் தாங்கிநின்ற அலைவரிசைக்கு 2024 சனவரியில் அப்பெயரைக் களைந்து, 'டிடி தமிழ்' என்று ஒட்டினர். தென்றல் பிறக்கும் மலையின் பெயருக்கு மாற்றாக ஆங்கில எழுத்திரண்டு! இதற்கும் தொழில்நுட்பமா கரணியம்?

இவற்றையெல்லாம் தமிழ்நாட்டரசு தடுக்க முடியாதா என்று கேட்பீர்கள். முடியாது. ஒலிபரப்பும் ஒளிபரப்பும் இந்திய அரசியல் சட்டத்தில் ஒன்றியப் பட்டியலின் 31ஆம் உருப்படியில் அடைக்கப்பட்டுள்ளன. தமிழ்நாட்டரசு 2019இல் தன் பள்ளிப் பிள்ளைகளுக்காகக் கல்வித் தொலைக்காட்சியைத் தொடங்கிற்று. மாநில அரசுகள் தாமே ஒளிபரப்பில் ஈடுபடலாகாது. பிரசார் பாரதியின் வழியாகவே செய்யவேண்டும் என்று நடுவண் அமைச்சகம் 2022 அத்தோபரில் அறிவுறுத்தல் அனுப்பியது. தன் பிள்ளைக்குத் தன் மொழியில் பாடம் சொல்லித் தரவும் தில்லியின் வாசலில் நிற்கவேண்டும் என்பதே இதன் பொருள். அங்கே ஒரு பல்கலைக்கழகமும் ஒரு மாநிலமும் ஊர்மக்கள் கழகமும் தொலைக்காட்சி உரிமம் பெற்று நடத்துகின்றன. இங்கே பல கோடி மக்களைக் கொண்ட ஒரு தேசிய இனத்தின் அரசுக்கு அவ்வுரிமை இல்லை.

'கூரைமேல் அலைவாங்கி வைத்து இன்று யார் பார்க்கின்றார்? கம்பிவடம் இருக்கின்றது, இணையம் இருக்கின்றது' என்று சிலர் நகைப்பர். நகைப்போர் 2015 திசம்பர்ச் சென்னை வெள்ளத்தை நினைத்துப் பார்க்கட்டும். 2023 திசம்பர் மிக்சாம் புயலை நினைத்துப் பார்க்கட்டும். மின்சாரம் அற்றது, கைப்பேசிக் கோபுரங்கள் வாயடைத்தன, இணையம் இருந்த இடம் தெரியவில்லை. கம்பியையும் இணையத்தையும் நம்பாமல், ஒரே கோபுரத்திலிருந்து ஒரே நேரத்தில் பல்லாயிரம் வீடுகளுக்கும் படகுகளுக்கும் செய்தி சொல்ல வல்லது வானலை ஒளிபரப்பு ஒன்றே. கட்டணம் கட்ட இயலாத குடிசைக்கும் மாளிகைக்கும் ஒரே தரத்தில் சென்று சேர்வதும் அதுவே. ஏழைக்கு எஞ்சியிருந்த பொதுநிலத்தைப் பணக்காரன் பயன்படுத்தவில்லை என்பதற்காக விற்றுவிடலாமா?

இஃது இறந்தகாலத்தைப் பற்றிய புலம்பல் அன்று. வெறுமையாக்கப்பட்ட அவ்வலைவெளியில் கைப்பேசிக்கு நேரே ஒளிபரப்பும் புதிய முறைக்கான ஆய்வோட்டங்கள் இந்தியாவில் நடந்துள்ளன. நாளை இன்னொரு கட்டாய மாற்றம் வரும். புதிய பாத்திகள் கட்டப்படும். அப்பொழுதும் தமிழன், எல்லாம் முடிந்தபின் எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்பானாயின், இந்தியே அப்பாத்தி முழுதும் முளைத்திருக்கும். எனவே இன்றே அணியமாதல் வேண்டும். அதற்காக யாம் முன்வைக்கும் கோரிக்கைகள் ஐந்து.

முதலாவது, ஒளிபரப்பு மாநிலங்களின் உரிமையாக்கப்படல் வேண்டும். அதுவரையிலும் தமிழ்நாட்டரசுக்கும் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கும் பொதுத் தொலைக்காட்சி உரிமம் வழங்கப்படல் வேண்டும். இரண்டாவது, புதிதாய் எந்த ஒளிபரப்பு முறை வரினும் தமிழ்நாட்டு அலைவெளியில் கட்டணமற்ற தமிழ்ப் பொதுத் தொலைக்காட்சிக்கென்று தடங்கள் சட்டத்தால் ஒதுக்கப்படல் வேண்டும். மூன்றாவது, தடமோ முறையோ மாறும்போது, அதன் முழுச் செலவும் அலைவெளியை ஏலம்விட்ட வருவாயிலிருந்தே ஈடுசெய்யப்படல் வேண்டும்; கடைக்கோடி மலையூரின் சிற்றாற்றல் கருவியும் அதனுள் அடங்கவேண்டும். நான்காவது, மாற்ற அறிவிப்பும் கருவிகளின் பயன்பாட்டுக் குறிப்பும் திரையில் தோன்றும் வழிகாட்டலும் நல்ல தமிழில் இருத்தல் வேண்டும். ஐந்தாவது, கோபுரமேறும் தமிழ் உழைப்பாளர்களுக்குத் தமிழிலேயே பயிற்சி நூலும் காப்பு விதியும் தரப்படல் வேண்டும். புரியாத மொழியில் எழுதிய காப்பு விதி எவர் உயிரையும் காவாது.

அன்பர்களே! அரசைக் கேட்பதோடு நம் கடமை முடியவில்லை. தொழில்நுட்பம் கற்ற தமிழிளைஞர்கள் ஒவ்வொரு கருவிக்கும் தமிழ்ச்சொல் ஆக்கி, கையேடு எழுதி, ஊர்தோறும் கொண்டு செல்லுங்கள். 'ரீசுகேன்' என்று கடைக்காரன் சொன்னால் 'மறுதேடல்' என்று சொல்லித் திருத்துங்கள். சிறுசொல்தானே என்று விடாதீர்கள். சொல்லை விட்டவன் பெயரை விடுவான். பெயரை விட்டவன் இடத்தை விடுவான். இடத்தை விட்டவன் இனத்தையும் விடுவான்.

நிலத்தை இழந்தோம், நீரை இழந்தோம், எஞ்சியிருப்பது தலைக்கு மேலுள்ள வானந்தான். அதனையும் இழந்துவிட்டு எதனை நோக்கித் தலைநிமிரப் போகின்றோம்? அலைகள் மாறட்டும், கோபுரங்கள் மாறட்டும், அவற்றின் வழியே ஒலிக்கும் தமிழும் அதனை ஆளும் தமிழர் உரிமையும் மாறாதிருக்க இன்றே எழுக!